கடற்கரைக் கோடையும் பாலைக் கோடையும்

கோடை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கடும் வெயிலே. ஆயினும், கோடை எல்லா இடங்களிலும் ஒரே தன்மையுடையது அன்று. ஒரே மாதத்தில், ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியில் மக்கள் குளிருக்குக் கம்பளி உடை அணிவதையும், மற்றொரு பகுதியில் வெப்பம் தாளாமல் வாடுவதையும் காணலாம். இவ்வுண்மையை அறியாது புறப்படும் பயணி பெருந்துன்பத்துக்கு ஆளாவான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பசிபிக் பெருங்கடலை ஒட்டியுள்ள கலிபோர்னியா மாநிலம் இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மாநிலத்தின் கடற்கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இருக்கிறது. கிழக்கே, உள்நாட்டில், மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் பாலைவனம் இருக்கிறது. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை. ஆதலின் கதிரவனின் ஒளி இரண்டின்மீதும் ஏறத்தாழ ஒரே சாய்வில் விழுகிறது. எனினும், ஜூலை மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பகல் வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கும். மரணப் பள்ளத்தாக்கிலோ அது 47 டிகிரியை எட்டும். 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அங்கே 56.7 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருப்பது இதுவே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? முதற் காரணம் கடல். ஒரே எடையுள்ள மணலையும் நீரையும் ஒரே அளவு சூடாக்க வேண்டுமாயின், மணலைக் காட்டிலும் நீருக்குச் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் தேவை. ஆகவே, நிலம் விரைவிற் சூடேறக் கடல் மெல்லவே சூடேறுகிறது. மேலும், கலிபோர்னியாக் கரையோரம் வடக்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரை அப்பால் தள்ள, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மீது படியும் ஈரக் காற்று குளிர்ந்து மூடுபனி ஆகிறது. உள்நாட்டில் சூடேறிய காற்று மேலெழும்போது, அம்மூடுபனி கடல் வாயில் வழியாக நகருக்குள் புகுகிறது.

இரண்டாவது காரணம் மலை. கடலுக்கும் பாலைக்கும் இடையே சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்கள் ஓங்கி நிற்கின்றன. கடற்காற்று அவற்றின்மீது ஏறும்பொழுதே தன் ஈரத்தை மழையாகவும் பனியாகவும் பொழிந்துவிடுகிறது. அப்பால் இறங்கும் காற்று வறண்டது. இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறுவது. மரணப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியோ கடல்மட்டத்துக்கும் 86 மீட்டர் கீழே உள்ளது. மேகமும் மரநிழலும் அருகிய அந்நிலத்தில் வெப்பம் தேங்கி, இரவிலும் தணிவதரிது.

இத்தகைய வறண்ட காற்றில் வியர்வை அரும்பியவுடன் ஆவியாகிவிடும். உடல் நனையாமையால், தான் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதைப் பயணி உணர்வதில்லை. அபாயம் ஓசையின்றி நெருங்குகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மோட்டார் சைக்கிள்களில் அங்கே சென்ற குழுவினருள் ஒருவர் வெப்பத்தால் உயிர் துறந்தார். அன்று வெப்பம் 53 டிகிரி. சூடேறிய காற்றின் அடர்த்தி குறைந்துவிட்டமையால், மருத்துவ உதவிக்கான ஹெலிகாப்டரும் பறந்து வர இயலவில்லை.

ஆதலால், அங்குச் செல்வோர் நாளொன்றுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரேனும் கொண்டு செல்லுதல் வேண்டும். கோடையில் காலை பத்து மணிக்குமேல் தாழ்நிலத்தில் நடத்தலாகாது. வண்டி பழுதுற்றால், அதனை விட்டு அகலாது உதவியை எதிர்நோக்கி இருத்தல் நன்று. கடற்கரைக்குச் செல்வோரோ, கோடைதானே என்று எண்ணாமல், கம்பளி உடை ஒன்றை உடன் கொள்ளுதல் நலம்.

புறப்படும் இடத்து வானத்தைக் கண்டு, சேரும் இடத்து வானத்தைக் கணித்தல் கூடாது. கடல் எவ்வளவு தொலைவு, மலை எத்திசை, நிலம் எவ்வளவு உயரம் என்பவற்றை முன்னரே ஆராய்பவனுக்கு நிலப்படம் வெறும் கோடுகள் அன்று. உயிர் காக்கும் துணையாகும். பள்ளியில் நாம் கற்கும் புவியியலின் பயனும் இதுவே.