மாமரக் கவாத்துக்கு லோடர் பக்கெட்டில் ஏறலாமா?

மா அறுவடை முடிந்த பின், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தோப்புகளில் கவாத்து வேலை நடக்கும். ஒன்றோடொன்று பின்னிய கிளைகள், காய்ந்த கிளைகள், நோய் கண்ட கிளைகள் ஆகியவற்றை அப்போது நீக்கிவிட வேண்டும். முன்பெல்லாம் இதற்கு மூங்கில் ஏணியைச் சாத்துவார்கள்; அல்லது ஆளே மரத்தில் ஏறிவிடுவார். இப்போது டிராக்டரில் முன்புற லோடர் பொருத்தியிருப்பவர்கள், அதன் பக்கெட்டில் ஆளை நிற்க வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். மாட்டுக் கொட்டகைக்குத் தகடு மாற்றவும், தெருவிளக்கு மாட்டவும்கூட இதே வழிதான். பக்கெட்டுக்குள் வைக்க ஒரு கம்பிக் கூண்டு செய்துகொண்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு.

கூண்டு ஆபத்தில் பாதியைத்தான் தீர்க்கும். ஆள் கூண்டிலிருந்து விழமாட்டார். ஆனால் ஆளோடு சேர்ந்து கூண்டே விழக்கூடும். அது எப்படி என்று விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

லோடரின் கைகளை மேலே நிறுத்தி வைப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் ஒன்றுதான். ரப்பர் ஹோஸ் ஓரிடத்தில் உரசித் தேய்ந்து வெடித்தால், எண்ணெய் பீறிட்டு வெளியேறும். கைகள் சட்டென்று கீழே வரும். மண் வாருவதற்காகச் செய்த சாதாரண லோடர்களில், ஹோஸ் வெடித்தாலும் எண்ணெயைச் சிலிண்டரிலேயே பூட்டி நிறுத்தும் வால்வு பெரும்பாலும் இருப்பதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். அணைந்திருக்கும்போதும் லிவரில் கை பட்டால் கைகள் இறங்கிவிடும்.

இன்னொன்று, சமன் செய்யும் இணைப்புச் சட்டம் இல்லாத லோடரில் கைகள் உயர உயர பக்கெட்டின் சாய்வும் மாறிக்கொண்டே போகும். டிரைவர் வேறொரு அசைவால் அதைச் சரிசெய்தபடி இருக்க வேண்டும். அந்த அசைவு கொஞ்சம் மிஞ்சினால், மண்ணைக் கொட்டுவது போல ஆளையும் கொட்டிவிடும்.

டிராக்டரே கவிழும் அபாயம் தனி. நான்கு சக்கரத்தில் நிற்பதாகத் தோன்றினாலும், டிராக்டரின் நிலை முக்காலியின் நிலைதான். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே பாரத்தைத் தாங்கும் இடங்கள் பின் சக்கரங்கள் இரண்டும் அந்தப் பின்னும் ஆக மூன்றே. பாரம் உயரத்தில் இருக்கும்போது ஒரு சக்கரம் பாத்தி வாய்க்காலில் இறங்கினால் போதும், வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கும். முன்னால் பாரம் ஏறினால் பின் சக்கரத்தின் பிடிமானமும் குறையும். இருசக்கர இழுவை டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்குத்தான் என்பதால், சரிவில் வண்டி வழுக்கினால் நிறுத்துவது கடினம். பின்னால் எடை கட்டினால் இந்தக் குறை தீரும். ஹோஸ் விஷயம் தீராது. லோடருடன் வரும் கையேடுகளில் ஆளைத் தூக்கக் கூடாது என்று பொதுவாக எழுதியிருப்பதற்குக் காரணம் இவைதான்.

ஆகையால் சிறு விவசாயிக்கு ஏற்றது, எண்ணெயை நம்பாமல் இரும்புக் காலில் நிற்கும் மேடை. அதை நான்கு சக்கர டிரெய்லரின் மேல் பொருத்திக்கொள்ளலாம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரம் இருக்கும். அதன்மேல் மூன்றரை அடி உயர மேடை வைத்தால், ஆள் நிற்கும் தளம் ஏழு அடிக்கு வந்துவிடும். அங்கிருந்து கையை உயர்த்தினால் 13 அடி உயரக் கிளை எட்டும். ஒட்டு மாங்கன்று வைத்து வளர்த்து, முறையாகக் கவாத்து செய்துவரும் தோப்புக்கு இந்த உயரம் போதும். இதற்கு மேல் உயர்த்த ஆசைப்பட வேண்டாம்.

மேடையின் அளவு 5 அடிக்கு 4 அடி. ஐந்தடிப் பக்கம் டிரெய்லரின் அகலவாட்டில் வர வேண்டும். எந்தப் பக்கமும் டிரெய்லரின் விளிம்பைத் தாண்டக் கூடாது. மேல் சட்டம், கீழ்ச் சட்டம், நான்கு கால்கள் ஆகியவற்றுக்கு 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள ஆங்கிள் இரும்பு வாங்கவும். நான்கு பக்கங்களிலும் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் கட்டாயம். இதற்கு 40 மி.மீ. ஆங்கிள் போதுமானது. பட்டறைக்காரர் “கால் கனமாகத்தானே இருக்கிறது” என்று சொல்லி இதை விட்டுவிடப் பார்ப்பார். விடக் கூடாது. குறுக்குச் சட்டம் இல்லாத மேடை ஆள் அசையும்போதெல்லாம் ஆடும். ஆடி ஆடி முதலில் விடுவது வெல்டிங்தான்.

தளத்துக்கு 4 மி.மீ. செக்கர் பிளேட் நல்லது. அது தொய்யாமலிருக்க அடியில் இரண்டு குறுக்கு ஆங்கிள் கொடுக்க வேண்டும். பழைய பலகை மலிவாகக் கிடைக்கும்; ஆனால் உள்ளே உளுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கைப்பிடிச் சட்டம் தளத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் நாலா பக்கமும் வர வேண்டும். இடுப்புக்குக் கீழே நிற்கும் சட்டம் ஆளைத் தடுக்காது, தடுக்கிவிடும். நடுவில் இன்னொரு சட்டமும், அடியில் நான்கு அங்குலத் தகடும் வேண்டும். அந்தத் தகடு கால் நழுவாமலும், அரிவாள் உருண்டு கீழே நிற்பவர்மேல் விழாமலும் காக்கும். இவற்றுக்கு ஒன்றேகால் அங்குல இரும்புப் பைப் போதும். பழைய போர் பைப்பை உபயோகிப்பதானால், வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்கிவிடவும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். ஏறும் வழியில் வைக்கும் கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். வெளியே திறக்கும் கதவில் சாய்ந்தால் ஆள் அதனோடே போய்விடுவார். ஏணிப் படிகள் ஓர் அடிக்கு ஒன்றாகத் தரைவரை வரட்டும்.

இப்படிச் செய்த மேடை 200 கிலோவுக்கு மேல் எடை வரும். அதை டிரெய்லரில் ஏற்றி இறக்க லோடரைத் தாராளமாக உபயோகிக்கலாம். அடியில் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டால் சரி. டிரெய்லரின் குறுக்குச் சட்டங்களோடு 16 மி.மீ. போல்ட்டுகளால், கீழே தகடு கொடுத்து, இரட்டை நட்டு போட்டு முடுக்க வேண்டும். கயிற்றுக் கட்டும் கம்பிக் கட்டும் உதவாது. கொட்டும் வசதியுள்ள டிப்பர் டிரெய்லரில் இந்த மேடையை வைக்கவே வேண்டாம். அங்கேயும் எண்ணெய்ச் சிலிண்டர் இருக்கிறது.

பெயிண்ட் அடிக்குமுன் சோதித்துப் பாருங்கள். இரண்டு ஆளும் கருவிகளும் 200 கிலோ என்று கொண்டால், அதைப் போல் இரு மடங்கு, அதாவது 50 கிலோ மூட்டை எட்டைத் தளத்தில் அடுக்கி ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் ஒவ்வொரு வெல்டிங்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்கவும். கைப்பிடியில் கயிறு கட்டி, இரண்டு பேர் தரையில் நின்று பலமாக இழுக்க வேண்டும். பைப் வளைந்தாலோ கால் அசைந்தாலோ பட்டறைக்குத் திருப்பி அனுப்பவும்.

வேலை செய்யும்போது டிரெய்லர் சமதரையில், ஏர்க்கால் நேராக இருக்கும்படி நிற்க வேண்டும். முன் சக்கரங்கள் ஒடிந்து திரும்பிய நிலையில் டிரெய்லருக்கு ஒரு மூலையில் தாங்கல் குறைந்துவிடும். டிராக்டரைக் கழற்றாமல், பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை மேலே ஏறுபவர் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மரத்துக்குப் போக, ஒவ்வொரு முறையும் ஆள் இறங்கியே ஆக வேண்டும். “இரண்டடிதானே, மெதுவாக நகர்த்து” என்பது நம்மிடம் உள்ள கெட்ட வழக்கம். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சி ஈரம் காயாத தோப்பில் அன்றைக்கு வேலை வேண்டாம். இடுப்பில் கயிறு கட்டிக் கிளையோடு பிணைத்துக்கொள்வதும் தவறு. வெட்டிய கிளை விழும்போது ஆளையும் இழுக்கும். ஏறுமுன் மரத்தைச் சுற்றிவந்து குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குளவி கொட்டத் தொடங்கினால் ஆள் கதவைத் தேட மாட்டார், குதித்துவிடுவார்.

மின்கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள், சாலை அல்லாத இடங்களில் 11,000 வோல்ட் வரையிலான வெறும் கம்பிகளுக்கு வகுத்த குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி. ஏழடி மேடையில் ஐந்தரை அடி ஆள் நின்று மூன்றடித் தொரட்டியை உயர்த்தினால் கணக்கு அதைத் தாண்டிவிடுகிறது. கம்பி வெயிலில் தொய்ந்திருந்தால் இன்னும் மோசம். உயர் அழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். மேடையும் இரும்பு, டிரெய்லரும் இரும்பு. கம்பிக்கு இருபுறமும் 20 அடிக்குள் மேடையை நிறுத்தாதீர்கள். அங்குள்ள மரங்களை ஒதுக்கி வைத்து, மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே கவாத்து செய்யலாம்.

கவாத்து முடிந்ததும் மேடையைக் கழற்றிக் கொட்டகையில் வைக்கவும். கைப்பிடிப் பைப்புகளின் வாயைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே தங்காது. அடுத்த பருவத்தில் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். பழையவை துருவில் இறுகியிருக்கும்.