ஓய்வுக்காலச் சேமிப்புக்கே முதல் பங்கு

பிள்ளைகளின் படிப்பையும் பெற்றோரின் மருத்துவத்தையும் ஒருசேரத் தாங்கும் நடுவயதினர், கை இறுகினால் முதலில் நிறுத்துவது ஓய்வுக்காலச் சேமிப்பைத்தான். உண்மையில் அதைத்தான் கடைசியாக நிறுத்த வேண்டும். மாதம் 5,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சியில் 35 வயதிலிருந்து சேர்த்தால், 60 வயதில் சுமார் 47 லட்சம் ரூபாய் இருக்கும். 45 வயதில் தொடங்கினால் சுமார் 17 லட்சம்தான். போட்ட பணத்தில் வித்தியாசம் 6 லட்சம்; கைக்கு வருவதிலோ 30 லட்சம். ஆகவே சம்பளம் வந்த அன்றே இந்தத் தொகையை ஒதுக்கிவிடுங்கள். வேலை மாறும்போது வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் படிப்பைவிட என் முதுமை பெரிதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் படிப்புக்குக் கல்விக்கடன் உண்டு. படித்து முடித்தபின் தவணை கட்டலாம். சம்பளம் நின்றபின் வீட்டுச் செலவுக்கு அப்படிக் கடன் கிடைப்பது அரிது. நாம் சேர்க்காமல் விட்டது நாளை அதே பிள்ளையின் தோளில்தான் ஏறும். பெற்றோரின் ஆஸ்பத்திரிச் செலவே எல்லாவற்றையும் விழுங்குகிறது என்பவர்கள், அவர்களுக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுக்கலாம். 65 வயதுக்கு மேலும் புதிய பாலிசி எடுக்கலாம்; விதிகளில் இருந்த அந்த வயது வரம்பு 2024-இல் நீங்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோரிடம் மொத்தமாகப் பணம் இருந்தால், அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். இப்போது மிச்சமே இல்லை என்றால் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை 500 ரூபாயில் தொடங்கி, ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை அதில் சேர்த்து வாருங்கள்.