வண்டலூருக்குப் போகிறீர்களா? பீடிக்கட்டை வீட்டிலேயே வையுங்கள்



அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் தை மாதத்திலும், பள்ளிக்கூடம் மூடும் கோடையிலும், பிள்ளைகள் "மிருகக் காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிடும். தாராளமாகக் கூட்டிப் போங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு முழுநாள் சேர்ந்திருப்பதும் குடும்ப நலந்தான். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேன் பிடித்துப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

இந்தப் பூங்காவின் பூர்வோத்திரம் கொஞ்சம் சுவையானது. 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் இதைத் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஒரு டாக்டர். பெண்கள் டாக்டர் படிப்புப் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே துணை நின்றவர் அவர். எங்கள் சுகாதாரத் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை! சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். நகரத்து நெரிசலில் இடம் போதாமல் பூங்கா வண்டலூர்க் காட்டோரம் மாற்றப்பட்டு, 1985-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பரப்பு 602 எக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 1,490 ஏக்கர். ஒரு கிராமத்து நஞ்சை புஞ்சை எல்லாம் சேர்ந்தாற்போல! அத்தனை இடம் இருந்தும், காணும் பொங்கலன்று உள்ளே போனால் தோளோடு தோள் இடிக்கும்.

கூட்டம் என்றதும் பலருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. வாசலில் பை சோதிக்கிறார்கள். தீப்பெட்டி, பீடி, பிளாஸ்டிக் பை எதுவும் உள்ளே கூடாது என்கிறார்கள். வேட்டி மடிப்பிலே ஒரு கட்டு ஒளித்து வைத்துக்கொண்டு போனவர் மனைவியிடம் சொல்வார்: "நீ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு முன்னால போ. அந்த மரத்தடியில ஒண்ணே ஒண்ணு பத்த வெச்சிட்டு வந்துடறேன். இந்தக் கூட்டத்துல யாரு பாக்கப் போறா?" அவரும் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறார். அம்மா, இந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். "ஏங்க, வேணாங்க" என்ற ஒரு சொல் போதும். ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணங்களை நான் சொல்லுகிறேன்.

மிருகங்களுக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டீன் என்ற ஊர்க் காட்சிசாலையில் சார்லி என்று ஒரு சிம்பன்சி இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொளுத்திய சிகரெட்டை அதன் கூண்டுக்குள் எறிந்து எறிந்து, அதற்குப் புகைப் பழக்கத்தையே உண்டாக்கிவிட்டார்கள். காவலாளி வந்தால் சிகரெட்டை ஒளித்து வைக்கும் அளவுக்கு அது தேறிவிட்டது என்பார்கள். அது 2010-இல் செத்துப்போனது. இந்தோனேசியாவில் சோலோ நகரக் காட்சிசாலையில் தோரி என்ற ஓராங்குட்டானுக்கும் இதே கதி. ஜனங்கள் பாதி குடித்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பிடிக்கப் பழகிவிட்டது. முடிவில், 2012-இல், மனிதர் கை எட்டாத ஒரு சின்னத் தீவுத் திட்டுக்கு அதை மாற்ற வேண்டியதாயிற்று. குரங்கினம் நாம் செய்வதைப் பார்த்துச் செய்யும். நம் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். குச்சியை வாயில் வைத்து 'உப்' என்று ஊதிக் காட்டும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த தகப்பன்மார் நம் ஊரிலும் உண்டு.

பிடிக்காத மிருகத்துக்கும் துண்டினால் ஆபத்து இருக்கிறது. புகையிலையில் நிக்கோட்டின் என்ற நஞ்சு இருக்கிறது. குடித்துப் போட்ட துண்டிலும் அது தங்கியிருக்கும். சிகரெட்டின் அடியில் உள்ள பஞ்சு பஞ்சே அல்ல, ஒருவகைப் பிளாஸ்டிக். மழையில் கரையாது, மண்ணில் லேசில் மக்காது. இதை வீட்டுக்கும் பொருத்திப் பாருங்கள். திண்ணையில் தவழும் குழந்தை துண்டை எடுத்து வாயில் போட்டால் வாந்தி, மயக்கம் வரலாம். அப்படி நடந்தால் கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள்.

அடுத்தது நெருப்பு. பூங்காவை ஒட்டிக் காப்புக்காடு. மாசி, பங்குனியில் சருகு காய்ந்து முறுமுறு என்று கிடக்கும். அணைந்ததாக நினைத்து எறிந்த பீடித் துண்டு போதும். வைக்கோல் போர் எரிந்த கதை உங்களுக்குத் தெரியாததா? களத்தில் நெருப்புப் பட்டால் மாட்டை அவிழ்த்து விரட்டிவிடலாம். கூண்டில் இருக்கும் ஜீவன் எங்கே ஓடும்?

"திறந்தவெளிதானே, சட்டம் கட்டிடத்துக்குத்தானே?" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் மத்திய சட்டம் 2003-இல் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுக்கப்பட்டன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் திறந்தவெளியை விட்டுவிடுகிறது என்றாலும், மக்கள் வந்துபோகும் இடங்கள் அந்த விலக்கில் சேராது என்று 2008 விதிகள் சொல்கின்றன. தவிர, பூங்காவுக்கென்று தனி விதி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போதே அதற்குக் கட்டுப்பட்டுத்தான் உள்ளே போகிறோம். பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது. காட்சிசாலை மிருகத்தைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, கூச்சல் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே அதன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை உண்டு, அபராதமும் உண்டு. வேடிக்கைக்குக் கல் எறிகிறவனுக்கு இது தெரிவதில்லை.

தீனி போடுவதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை. புண்ணியம் என்றே நினைக்கிறார்கள். மாடு வளர்க்கும் உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கல்யாண வீட்டுச் சோற்றை அண்டா அண்டாவாகத் தின்ற மாடு என்ன ஆகும்? வயிறு உப்பி, அசைபோடாமல் படுத்துவிடும். சில சமயம் பிழைக்காது. மானும் அசைபோடும் பிராணிதான். பொரி, முறுக்கு, சிப்ஸ் என்று நூறு பேர் ஆளுக்கு ஒரு கை போட்டால் அதன் வயிறு என்னத்துக்கு ஆகும்? அதற்கு அளவு பார்த்துத் தீனி வைக்க ஆள் இருக்கிறது. தின்பண்டம் வந்த பையையும் சேர்த்து எறிந்தால் கேட்கவே வேண்டாம். 2012-இல் இந்தோனேசியாவின் சுரபாயா காட்சிசாலையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி செத்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 18 கிலோ பிளாஸ்டிக் உறை, உருண்டையாகத் திரண்டு கிடந்தது. எல்லாம் ஜனங்கள் வேலிக்குள் போட்டவை. கட்டுச்சோற்றை வாழை இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டிலே நல்லது.

காறித் துப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசநோய், சளிக் காய்ச்சல் முதலியவை மனிதரிடமிருந்து குரங்கு, யானை போன்ற பிராணிகளுக்கும் தொற்றக்கூடியவை. கொரோனாவையே பாருங்கள். 2021 ஜூனில், ஊரடங்கில் பூங்கா மூடிக் கிடந்த நாட்களிலேயே, வண்டலூர்ச் சிங்கங்களுக்கு அது தொற்றி, ஒரு பெண் சிங்கமும் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. இருமல், காய்ச்சல் உள்ளவர் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் காசு ஓடிப்போகாது.

வேலி ஏறுவது, பிள்ளையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார வைப்பது, செல்போனில் படம் எடுக்கக் கையை உள்ளே நீட்டுவது, இதெல்லாம் உயிரோடு விளையாடுவது. 2014 செப்டம்பரில் டெல்லி காட்சிசாலையில் ஓர் இளைஞர் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்து இறந்தார். மேலே நின்றவர்கள் புலியை விரட்டக் கல்லெறிந்தும் கத்தியும் பார்த்தார்கள், பலனில்லை.

கர்ப்பிணியாய் இருக்கும் தங்கைக்கு ஒரு வார்த்தை. நடை அதிகம், வெயில் ஏறுமுன் காலையிலேயே போங்கள். பூங்காவில் பேட்டரி வண்டி ஓடுகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது புகைத்தால் நகர்ந்து போங்கள். நகர முடியாவிட்டால், "அண்ணே, வயித்துல புள்ள இருக்கு, அணைச்சிடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். நம் ஜனங்கள் அந்த அளவுக்குக் கல்நெஞ்சர் அல்ல.

ஆனால் அந்நியரிடம் கேட்கிற நீங்கள், வீட்டுக்காரரிடம் கேட்கிறீர்களா? பூங்காவில் நாலு மணி நேரம். வீட்டிலோ வருஷம் பூராவும். பீடிப் புகையில் நஞ்சும் கரியும் சிகரெட்டைவிடக் குறைவு என்று ஒரு நம்பிக்கை கிராமத்தில் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. பீடி அடிக்கடி அணையும். அணையாமலிருக்க ஆழமாக, அடுத்தடுத்து இழுக்க வேண்டும். ஆகவே நிக்கோட்டினும், தாரும், கரியமில நச்சுவாயுவும் அதிகமாகவே நெஞ்சுக்குள் இறங்குகின்றன. அந்தப் புகையைச் சுவாசிக்கும் மனைவியின் வயிற்றுக் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிறந்த குழந்தைக்கு மூச்சிரைப்பு, நிமோனியா, காதில் சீழ் முதலியவை வரும் வாய்ப்பு கூடும். "நான் வாசல்ல நின்னுதானே பிடிக்கிறேன்" என்பார் அவர். குடிசையின் வாசலுக்கும் தொட்டிலுக்கும் எத்தனை அடி தூரம்? நீங்களே அளந்து சொல்லுங்கள்.

இப்போது அண்ணனிடம் பேசுகிறேன். பூங்காவுக்குள் நாலு மணி நேரம் பீடி இல்லாமல் இருப்பது கஷ்டந்தான், மறுக்கவில்லை. உடம்பு நிக்கோட்டினுக்குப் பழகிவிட்டது, அது கேட்கும். ஆனால் அந்த நமைச்சல் வந்தால் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், பிறகு தானே தணியும். அந்தச் சில நிமிஷத்தைக் கடத்தினால் போதும். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நாலு ஏலக்காயோ கிராம்போ மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை வாயில் அடக்குங்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீர்யானைக் குளம்வரை நடந்து வாருங்கள். பீடிக்குப் பதில் ஹான்ஸ், பான்பராக் என்று இறங்கிவிடாதீர்கள். அது வாய்ப்புற்றுக்கு வழி.

கடைசி பீடியை அணைத்து 20 நிமிஷத்தில் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கின்றன. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்த நச்சுவாயு வெளியேறி, அதன் அளவு சாதாரண நிலைக்கு வருகிறது. காலையில் வண்டலூர் வாசலில் அணைத்தவர் வீடு திரும்பிப் படுக்கும்வரை மறுபடி பத்த வைக்காமலிருந்தால், அந்த 12 மணி நேரம் கணக்காகிவிடும். மறுநாள் காலை டீக்கடைதான் சோதனை. அன்று பெஞ்சில் உட்காராமல் டீயை வீட்டிலேயே குடியுங்கள். அம்மா, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுங்கள். அவர் சிடுசிடுத்தால் பதிலுக்குச் சிடுசிடுக்காதீர்கள். உடம்பு நஞ்சை விடுகிற எரிச்சல் அது, சில வாரத்தில் அடங்கிவிடும்.

தனியாக முடியவில்லையென்றால் 1800 112 356 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். புகையிலையை விட விரும்புவோருக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே உள்ள எண் அது. அல்லது உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தம்பதியாகவே வந்தால் ரொம்ப நல்லது.

பூங்காவில் திரியும் குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். வெறிநாய்க் கடிக்குப் போடும் அதே ஊசிதான். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள்.

பிள்ளையின் சட்டைப் பையில் அப்பா பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று வைத்து அனுப்புங்கள்.