திருச்சி - சிங்கப்பூர்: விமானத்தில் எத்தனை மணி நேரம்? எக்ஸெல் சொல்லும்!

டிக்கெட்டில் புறப்படும் நேரம் 23:30, சேரும் நேரம் மறுநாள் 06:15 என்று இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போய் சிங்கப்பூருக்கு விமானம் ஏறப் போகிறவர் வீட்டில், "ஏழு மணி நேரமா உட்கார்ந்தே போகணும்?" என்று ஒரு பாட்டியாவது கேட்பார். அவ்வளவு இல்லை. புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் திருச்சி விமான நிலையத்தின் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' தேர்வு செய்து, வரைபடத்தை நகர்த்தி, சாங்கி விமான நிலையத்தில் கிளிக் செய்யுங்கள். சுமார் 2,980 கிலோமீட்டர் என்று காட்டும். இதை 800 ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் கிட்டத்தட்ட நாலேகால் மணி நேரம்.

டிக்கெட்டும் அதையே சொல்கிறதா என்று பார்ப்போம். எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் 5/3/2026 23:30 என்றும், பக்கத்துக் கட்டத்தில் 6/3/2026 06:15 என்றும் டைப் செய்யுங்கள். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி அவசியம். மூன்றாவது கட்டத்தில் =( என்று டைப் செய்து, சேரும் நேரக் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். ஒரு கழித்தல் குறி போட்டு, புறப்படும் நேரக் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். பிறகு )*24-2.5 என்று முடித்து என்டர் தட்டுங்கள்.

விடை 4.25. அதாவது 4 மணி 15 நிமிடம். 25 நிமிடம் அல்ல! விடை தேதி போலத் தெரிந்தால் 'ஃபார்மட் செல்ஸ்' போய் 'நம்பர்' என்று மாற்றிவிடுங்கள். 724.25 என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கிறது. 3/5/2026, 3/6/2026 என்று மாற்றி டைப் செய்தால் சரியாகிவிடும்.

24 ஏன்? எக்ஸெலுக்கு ஒரு முழு நாள்தான் 1. 2.5 என்பது சிங்கப்பூர் நம்மைவிட முந்தியிருக்கும் இரண்டரை மணி நேரம். (1982க்கு முன் இது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது.) திரும்பி வரும் பயணத்துக்கு -2.5 என்பதை +2.5 ஆக்குங்கள். துபாய் போகிறவர்கள் +1.5 போட வேண்டும். கொழும்புக்கு எதுவும் வேண்டாம்.

நள்ளிரவு விமானம் என்றால் தேதியை இருமுறை பாருங்கள். 6ஆம் தேதி 00:30 என்றால் 5ஆம் தேதி இரவு. மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால், 5ஆம் தேதி மாலை ஏழரைக்கே தஞ்சாவூரில் வண்டி ஏறிவிட வேண்டும். 6ஆம் தேதி இரவு பெட்டியோடு போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும்.