மினிமம் கட்டினால் கடன் தீருமா?



"மூணு வட்டிக்குக் கடன் வாங்காதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றாலே பயப்படுவோம். ஆனால் பல கிரெடிட் கார்டுகளில் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி. நம் ஊர்க் கணக்கில் அது மூணரை வட்டி! வருடத்துக்கு 42 சதவீதம். பளபளவென்று அட்டையாக வருவதால் அது வட்டிக்கடை என்று நமக்குத் தெரிவதில்லை.

இந்தப் பாடத்தை நான் எங்கள் வீட்டில்தான் படித்தேன். அண்ணனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி குடோனில் வேலை. கம்பெனி கேட்டிலேயே ஆட்கள் வந்து கார்டுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு போன், அப்புறம் என்னுடைய முதல் வருட ஃபீஸ், எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாய். மாதாமாதம் 2,000 கட்டி வந்தார். "ஒரு மாசம்கூட விட்டதில்லடா, ஆனா கடன் அப்படியே நிக்குது" என்று சொல்லி ஸ்டேட்மெண்டை என் கையில் கொடுத்தார். குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தானே! டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்தேன். கிடைத்த கணக்கு இதுதான்:

கடன் பாக்கி: ரூ. 40,000
ஒரு மாத வட்டி (3.5%): ரூ. 1,400
வட்டிக்கு ஜி.எஸ்.டி. (18%): ரூ. 252
கட்டியது: ரூ. 2,000
கடனில் குறைந்தது: ரூ. 348 மட்டுமே!

இப்படியே ஒரு வருடம் கட்டினால், கையை விட்டுப் போவது 24,000. கடனில் குறைவது சுமார் 5,270 ரூபாய்தான். தொட்டியில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுகிற கதை. 'மினிமம் டியூ' கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். கடன் தீரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

1. முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

2. இரண்டு, மூன்று கார்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மிச்சப் பணத்தை வட்டி அதிகமான கார்டில் போடுங்கள்.

3. தொகையைக் கூட்டுங்கள். மாதம் 2,000-க்குப் பதில் 5,000 கட்டினால் அதே 40,000 பத்து மாதத்தில் தீரும். வட்டியும் வரியும் சுமார் 9,560 ரூபாய்.

4. முடிந்தால் குறைந்த வட்டிக்கு மாற்றுங்கள். வருடம் 12 சதவீதத்துக்கு நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு, மாதம் 5,000 கட்டினால் ஒன்பது மாதம். வட்டி சுமார் 1,900 ரூபாய்தான். ஆனால் மறுபடி கார்டைத் தேய்த்தால் ஒரு கடன் இரண்டாகிவிடும், ஜாக்கிரதை!

5. கட்டவே முடியவில்லை என்றால் ஒளியாதீர்கள். வங்கியில் பேசி, குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித்தரக் கேளுங்கள். பாதியைக் கட்டி 'செட்டில்மென்ட்' செய்துகொண்டால் அது சிபில் பதிவில் நிற்கும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அது தடையாக வந்து நிற்கும்.

நமக்கு உரிமையும் உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலிப்பவர்கள் போன் செய்யக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பாக்கி தீர்ந்தபின் கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும் என்பதும் அதே வருடம் வந்த விதி. புகாரை முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காசு செலவில்லை.

ஆனால் வட்டிக்கு வரம்பு? 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே கணக்கு நாம்தான் போட வேண்டும்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து முதல் சம்பளம் வாங்கும் அன்றே நம்மைத் தேடியும் கார்டு வரும். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். வாங்கினால், மாதக் கடைசியில் முழுப் பாக்கியையும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவின் செயினை அடகு வைத்துக் கார்டுக் கடனை அடைத்தோம். என் ஃபீஸும் அந்தக் கடனில் இருந்ததால் லீவு நாளில் வேலைக்குப் போய் நானும் கொஞ்சம் கொடுக்கிறேன். இன்னும் மூன்று தவணைதான் பாக்கி. செயின் திரும்பி வந்துவிடும். "நீ படிச்சது வீண் போகலடா" என்றார் அண்ணன். எனக்கு இதுவரை கிடைத்த மார்க்கிலேயே பெரிய மார்க் அதுதான்.

வளர்க மாணவர் ஒற்றுமை!

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை