அழியாப் பொருளும் அழிந்த படலமும்

குளிர்பதனப் பெட்டியின் குழாய்களுள் ஓடும் பொருளைக் குளிர்பதனி என்பர். அது பெட்டியினுள் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது. வெளிப்புறத்தில் மீண்டும் நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை விடுவிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியன குளிர்பதனிகளாகப் பயன்பட்டன. அவை நச்சுத்தன்மை உடையன. கசிந்தால் உயிருக்கே ஊறு விளைவித்தன.

இக்குறையைப் போக்க முனைந்த அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும் 1928ஆம் ஆண்டில் குளோரோஃபுளோரோகார்பன் என்னும் சேர்மத்தைத் தேர்ந்தெடுத்தனர். அது தீப்பற்றாது, நச்சுத்தன்மை மிகக் குறைந்தது, பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாது. எனவே, குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, தெளிப்புக் குப்பி எனப் பலவற்றிலும் அது இடம்பெற்றது.

எளிதில் சிதையாத அப்பண்பே பின்னர்த் தீங்கிற்கு வித்தாயிற்று. காற்றில் கலக்கும் இச்சேர்மம் இறுதியில் எங்குச் செல்கிறது என்னும் வினாவிற்கு மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய அறிவியலறிஞர்கள் 1974இல் விடை கண்டனர். மழைநீரில் கரையாமலும் சிதையாமலும் அது மெல்ல மேலெழுந்து அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்குப் புறஊதாக் கதிர்கள் தாக்க, அதிலிருந்து குளோரின் அணு பிரிகிறது. அவ்வணு ஓசோன் மூலக்கூறைச் சிதைத்த பின்னும் தான் அழிவதில்லை. மீண்டும் விடுபட்டு அடுத்த மூலக்கூறைத் தாக்குகிறது. இவ்வாறு ஒரே அணு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. ஓசோன் குறைந்தால் புவியை அடையும் புறஊதாக் கதிர்கள் மிகும், தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்களும் பாதிப்புறும்.

தொழில்துறையினர் பலர் இக்கருத்தை ஏற்கத் தயங்கினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை ஜோசப் ஃபார்மன் குழுவினர் அளவீடுகளால் மெய்ப்பித்தனர். அதன்பின் உலக நாடுகள் காலந்தாழ்த்தவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. ஓசோனை அழிக்கும் பொருள்களின் உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஓசோன் படலமும் மெல்ல மீண்டு வருகிறது. மொலினா, ரோலண்ட் இருவரும் பால் குருட்சனுடன் 1995ஆம் ஆண்டிற்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்களில் குளோரின் இல்லை. அவை ஓசோனை அழிப்பதில்லை. ஆயினும், அவற்றுள் பல, கார்பன் டை ஆக்சைடைக் காட்டிலும் ஆயிரம் மடங்கிற்கு மேலாகப் புவியை வெப்பமாக்கும் ஆற்றல் உடையவை. அவற்றையும் குறைப்பதற்கு 2016இல் கிகாலி நகரில் நாடுகள் இசைந்தன.

அருகில் தீங்கற்றதாய்த் தோன்றும் பொருள் எங்கும் தீங்கற்றதாக இருக்கும் என்பதில்லை. பயன்பாடு முடிந்தபின் அஃது எங்குச் சென்று சேரும் என்னும் வினா, அதனைப் படைக்கும்போதே எழுதல் வேண்டும்.