அடைக்கோழியை மிரட்டாதீர்கள்

ஒரத்தநாட்டுப் பக்கம் ஐம்பது வருஷமாகப் பஞ்சாரம் கவிழ்க்கிறவள் நான். புதிதாகக் கோழி வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்.

1. இறகு கொட்டினால் நோய் என்று பதறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கும்போது முட்டையை நிறுத்திவிட்டு இறகு மாற்றுவது கோழிக்கு வழக்கம். தலை, கழுத்தில் ஆரம்பித்து வாலில் முடியும். ஆனால் எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் கொட்டினால், எதைக் கண்டு பயந்தன என்று தேடுங்கள்.

2. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கொட்டகைக் கூரையைத் தூக்கிப் போனது. கோழிகள் பிழைத்தன. பத்து நாள் கழித்துக் கொல்லையெல்லாம் இறகு. ஒரு சிறுவிடைப் பெட்டை கழுத்துத் தோல் தெரிய நின்றது. தூக்கினேன், வலியில் கத்தியது. முளைத்து வரும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும், விரல் பட்டாலே வலிக்கும். அன்றிலிருந்து இறகு மாற்றும் கோழியை நான் கையில் எடுப்பதில்லை. பயம், பட்டினி, ஒரு நாள் தண்ணீர் இல்லாமை, எதுவானாலும் முதலில் முட்டை நிற்கும், பிறகு இறகு விழும். முட்டைப் பண்ணைகளில் தீவனத்தை நிறுத்தி வேண்டுமென்றே இறகு உதிர வைத்ததும் இப்படித்தான். எனக்கு அது பெரும்பாவமாகப் படுகிறது.

3. இறகு முழுக்கப் புரதம். நொய்யும் தவிடும் மட்டும் போட்டால் எங்கிருந்து முளைக்கும்? கரையான், கடலைப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள் கொடுங்கள்.

4. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை இறகு கொட்டும் காலத்துக்கு முன்னதாகவே போட்டுவிடுங்கள். அலைக்கழிந்த கோழியைத்தான் நோய் முதலில் பிடிக்கும்.

5. அடைக்கு உட்கார்ந்த கோழியின் நெஞ்சு மொட்டையாக இருந்தால் அது வேறு கதை. முட்டையில் உடம்புச் சூடு நேராகப் படட்டும் என்று அங்கே இறகு உதிர்ந்துவிடும், தானும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். 21 நாளும் இருட்டு மூலையில் விடுங்கள். நாளுக்கு ஒரு தடவை இறங்கித் தின்று, மண்ணில் புரண்டு, தானே திரும்பும். பின்னாலேயே போய் விரட்டாதீர்கள். இடம் மாற்றியே ஆகவேண்டுமென்றால் ராத்திரியில் மாற்றுங்கள்.

6. இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று என் அம்மா அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைப்பார். நானும் வைக்கிறேன். ஆனால் நான் பார்த்தது, சத்தத்தில் மிரண்ட கோழி கூடையைவிட்டு ஓடும், திரும்புவதற்குள் முட்டை ஆறிப்போகும். அதனால் மழைக்காலத்தில் கூடையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். தீபாவளி வெடிக்கும் அப்படியே.

7. குஞ்சு வேண்டாம், அடை தெளிய வேண்டும் என்றால் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் சொருகுவதும் வேண்டாம். அந்த வதைக்குப் பிறகு என் கோழி ஒன்று ஒரு மாதம் இரையே சரியாக எடுக்கவில்லை. அடியில் காற்றுப் போகும் கம்பிக்கூண்டில், வைக்கோல் போடாமல், வெளிச்சத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டொரு வாரத்தில் மறுபடி கேற ஆரம்பிக்கும்.